இருமுறை ஆய்ந்த மீன்

"வாழைப்பழத்தைத் தோலோட வாங்கறோம். தோலோடயா சாப்பிடறோம்?"

"நீங்க இருக்கிற பசிக்கு அதையும் விடமாட்டீங்க."

"கிண்டல் பண்ணாத. ஜனங்க சாப்பிட்டதா சொல்ற அளவை, கடையில வாங்கின அளவா நான் மாத்திடறேன். நீ சந்தை விலையை மட்டும் போடு. கழிவு என் தலைவலி."

கல்யாணமான புதிதில் அவர்கள் பேசிக்கொண்டது இது. நாடு முழுக்க யார் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்து அனுப்புவார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று மதிப்பிடுவது அவர்கள் இருந்த அலுவலகத்தின் வேலை. கணவனுக்கும் மனைவிக்கும் அடுத்தடுத்த மேசை.

மேசைகள் இன்னும் அங்கேயேதான் இருந்தன. பேச்சுதான் நின்றுபோயிருந்தது. போன வருஷம் கரு கலைந்தபோது அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அவள் சொன்னாள். தன்னை யார் அழவிட்டார்கள் என்று அவர் கேட்டார். வார்த்தை தடித்தது. மறுநாளே அவர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட அவள் எத்தனையோ முறை வாயெடுத்தாள். வீம்பு வந்து தடுத்தது. இந்த வெள்ளிக்கிழமையோடு அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் என்று தெரிந்த பிறகும் அப்படித்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பிரிவுத் தலைவி இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"ஏம்மா, மீன் செலவு ஆட்டுக்கறியையே தூக்கிச் சாப்பிட்டிருக்கு. நம்ம ஜனங்க மீனைத் திங்கறாங்களா, தங்கத்தைத் திங்கறாங்களா?"

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். தலை, முள், செதில் எல்லாம் கழிந்துபோகும் என்று அவர் அளவைக் கூட்டியிருந்தார். அதே கழிவுக்காக அவள் விலையையும் ஏற்றி வைத்திருந்தாள்.

"ஒரே மீனை ரெண்டு பேரும் ஆஞ்சிருக்கீங்க. பக்கத்து மேசைதானே? ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா?"

வெளியே வந்ததும் அவள்தான் முதலில் பேசினாள். "கிளம்பற அவசரத்துல கழிவுக் கணக்கைப் பாதியில விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"எதை நான் பாதியில விட்டிருக்கேன்?" என்று கேட்டவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து நுழையலாம் போலிருந்தது. அவ்வளவு இளைத்திருந்தார்.

சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரி மாடிப்படியில உக்காந்து அழுதேன். நீ பார்த்தா இன்னும் ஒடஞ்சிடுவியோன்னு முகத்தைக் கழுவிட்டுதான் உள்ள வந்தேன்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "இதை ஏன் அப்பவே சொல்லல?"

"நீ கேக்கல."

"எத்தனை மணிக்கு வண்டி?"

"சாயங்காலம். சாமானெல்லாம் நேத்தே லாரியில ஏத்தி அனுப்பிட்டேன்."

தாழ்வாரத்தில் யாரோ பேசிக்கொண்டு கடந்து போனார்கள். அவர்கள் பார்ப்பார்களே என்று கூட நினைக்காமல் அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"சாமான் போனா போகட்டும். நீங்க வீட்டுக்கு வந்துடுங்க."