கயிறு பிடிக்க ஆள்

சங்கு குளிக்கிறவர்கள் மத்தியில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிக்கிறவன், அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். பாகம் பிரிக்கிற யோசனை வந்துவிட்டால் கை கொஞ்சம் தளர்ந்துபோகும். மச்சான் விட மாட்டான். அந்தக் கயிற்றில் தொங்குவது அவன் தங்கச்சி தாலியல்லவா.

இனிகோவுக்கு இருபத்திரண்டு வருஷம் கயிறு பிடித்தவன் டெரன்ஸ். இனிகோவின் பெண்டாட்டி பிலோமி புற்றுநோயில் போய், முப்பதாம் நாள் பூசை முடிந்தது. மறுநாள் டெரன்ஸ் வள்ளத்துக்கு வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. வழியில் பார்த்தால், "சாப்டியா மச்சான்?" என்று கேட்கத்தான் செய்கிறான். தங்கச்சியே இல்லை, இனி எதற்குக் கயிறு? இனிகோவும் போய்க் கேட்கவில்லை. சண்டை என்றால் சமாதானம் பேசலாம். இதற்கு என்ன பேசுவது?

அதிலிருந்து இரண்டு வருஷமாகக் கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அப்படி வந்ததுதான் கரட்டடி அணை. கயத்தாறுக்கு மேற்கே, மழைக்கால வெள்ளத்தை நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுவதற்காகக் கட்டிய சின்ன அணை. ஷட்டர் ரிப்பேர் பார்த்த காண்ட்ராக்டருக்கு, தண்ணீருக்கு அடியில் எல்லாம் சரி என்று முங்கிப் பார்த்த ஒருவனின் கையெழுத்து தேவைப்பட்டது.

காண்ட்ராக்டரின் ஆளாக நின்றது சுந்தரராஜ். அணைக்கட்டுக்கு வெள்ளை பேண்ட் போட்டு வருகிற தைரியசாலி. கையெழுத்துப் போட வேண்டிய ஃபாரத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டான்.

"கயிறு பிடிப்பவர்னு ஒரு கட்டம் இருக்கு. யாரு பேரு போட?"

"டெரன்ஸ்." இனிகோவின் வாய் முந்திக்கொண்டது.

"எங்கன அவரு?"

"வாரான்."

வருகிறவரைக்கும் என்று சுந்தரராஜே கயிற்றைப் பிடித்தான், ஒரு கையில் கயிறும் ஒரு கையில் போனுமாக. இனிகோ மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினான். கலங்கல் தண்ணீர், கண்ணுக்கு வேலை இல்லை. ஷட்டருக்குக் கீழே சுவரைத் தடவிக்கொண்டே போன கையைத் தண்ணீர் உள்ளே வாங்கிக்கொண்டது. உருவிக்கொண்டு மேலே வந்தான்.

"அடியில ஓட்டை இருக்கு சார். முழங்கை வரைக்கும் போவுது."

"முழங்கையா? விரல் போவும்னு போடுவோமா அண்ணாச்சி?"

"முழங்கை."

"சரி, உங்களுக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம். மணிக்கட்டு."

"இது என்ன சீலா மீனா சார், பாதியில முடிக்க? அந்தப் பக்கம் அணைக்கு அடியில தண்ணி நிக்கே, அது எங்கிருந்து வருது?"

"அது ஊத்து. எங்க தாத்தா காலத்துல இருந்தே ஊறுது."

"அணை கட்டியே இருபது வருஷந்தான ஆவுது. அதுக்கு முன்னாடி உங்க தாத்தா இந்தக் காட்டுல என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு?"

சுந்தரராஜுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "கையெழுத்தைப் போட்டுட்டு மூணு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான? உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"இந்த ஓடை போய் இறங்குத தாழ்வுல என் மச்சான் வீடு இருக்கு."

"யாரு, இப்ப வாராருன்னு சொன்னியளே, அவரா?"

இனிகோ பைக் சாவிக்குக் கையை நீட்டினான். ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு வாரம்தான். சுந்தரராஜின் பைக்கை வாங்கிக்கொண்டு கயத்தாறுக்குப் போனான். பலசரக்குக் கடை சீனித்தாயிடம் ஆறு பாட்டில் சொட்டுநீலம் கேட்டான்.

"எதுக்கு அண்ணாச்சி, ஊரு வேட்டியெல்லாம் நீங்கதான் வெளுக்கப் போறியளா?"

"ஒரு ஊத்தை வெளுக்கணும்."

திரும்பி வந்து ஆறையும் ஒரு பாலித்தீன் பையில் ஊற்றிக் கட்டினான். இதை ஓட்டை வாயில் கிழித்துவிட்டால் அந்தப் பக்கம் ஊற்று நீலமாக வர வேண்டும். வந்தால் அது ஊற்று இல்லை. ஆனால் அதைப் பார்க்க அங்கே ஒருத்தன் நிற்க வேண்டும். சுந்தரராஜ் கண்ணால் பார்க்காவிட்டால் நம்ப மாட்டான். அவன் கீழே போய்விட்டால் மேலே கயிற்றுக்கு ஆள் இல்லை. இருப்பதே இரண்டு பேர்.

"கயிறு?" என்றான் சுந்தரராஜ்.

"கம்பியில கட்டிருதேன். நீங்க போங்க."

அணைமேல் புதுப் பெயிண்ட் அடித்த கைப்பிடிக் கம்பியில் கயிற்றைக் கட்டிவிட்டு முங்கினான். ஓட்டையில் பையை வைத்துக் கத்தியால் கிழித்தான். நீலம் ஓடியது, கூடவே கையும் ஓடியது. தோள் போய்ச் சுவரில் இடித்தது. இழுத்தால் வரவில்லை. பழக்கதோஷம், இன்னொரு கையால் கயிற்றை மூன்று தரம் இழுத்தான். மூன்று என்றால், தூக்கு மச்சான் என்று அர்த்தம். டெரன்ஸ் மூன்றாவது இழுப்புக்குக் காத்திருந்ததே இல்லை, இரண்டிலேயே தூக்கிவிடுவான். கம்பி சும்மா நின்றது. இன்னும் மூன்று தரம் இழுத்துப் பார்த்தான். பிறகுதான் இரண்டு காலையும் சுவரில் ஊன்றி எம்பினான். தோலை விட்டுவிட்டுக் கை வெளியே வந்தது.

தலை வெளியே வந்தபோது அணைமேல் யாரும் இல்லை. படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இரைக்கிற மூச்சைத் தானே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி! நீலம்!"

சுந்தரராஜ் ஏறி வந்தான். நல்லாப் பார்க்கலாம் என்று ஊற்றுக்குள்ளேயே இறங்கி நின்றிருக்கிறான். வெள்ளை பேண்ட் முழங்கால் வரைக்கும் நீலம். இதை எந்தத் தாத்தா பேரைச் சொல்லி மறைப்பது? அங்கேயே நின்று இன்ஜினியருக்குப் போன் போட்டான்.

"ஓட்டைதான் சார். முழங்கை வரைக்கும். இல்ல சார், குறைக்க முடியாது. மழைக்கு முன்னாடி தண்ணியை இறக்கிட்டு அடைச்சாவணும்."

போனை வைத்துவிட்டு இனிகோவின் கையைப் பார்த்தான். ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. குரல் இறங்கிப்போயிற்று.

"நாளைக்கு இன்ஜினியர் வாராரு. இன்னொரு தரம் முங்கிக் காட்டணுமாம். டெரன்ஸ் வந்துருவாரா?"

"வர மாட்டான். அந்தப் பேரை அடிச்சிருங்க."

"அப்ப நான் பிடிக்கேன் அண்ணாச்சி. போனைப் பையில போட்டுட்டு ரெண்டு கையாலயும் பிடிக்கேன்."

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்க கயித்தை விட்டுட்டா உங்க வீட்டுல யாரு அழுவா?"

சுந்தரராஜ் பேனாவை எடுத்து டெரன்ஸ் பெயரை அடித்தான். கட்டத்தில் வேறு பெயர் எழுதவில்லை.

இனிகோ கயிற்றை அவிழ்க்கப் போனான். ஈரத்தில் முடிச்சு இறுகி, புதுப் பெயிண்டைக் கவ்வியிருந்தது. நகத்தால் இரண்டு தரம் நெம்பிப் பார்த்தான். நாளைக்கும் வேண்டும்தானே என்று அப்படியே விட்டுவிட்டு, மூணு மணி பஸ்ஸுக்கு நடந்தான்.