கோரை நட்ட கொத்தனார்

பக்கத்து மனையிலிருந்த பள்ளத்தை அண்ணன் மேடாக்கிய வருடத்திலிருந்துதான் கொத்தனாரின் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வர ஆரம்பித்தது. பாதி ஊரைக் கட்டிக்கொடுத்த கை, சொந்த வீட்டுக் கூடத்தில் வாளி பிடித்து இறைத்தது. மனைவியின் தையல் மெஷின் துருவேறிப்போனது. நியாயம் கேட்கப் போனபோது அண்ணன் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "தண்ணிக்கும் காலு இருக்குடா தம்பி. புடிச்ச வீட்டுக்குப் போகுது. நான் என்ன கையப் புடிச்சா இழுக்க முடியும்?" சொல்லிவிட்டு வாசல்கதவைச் சாத்தினார்.

அந்தச் சமயத்தில் நகரத் திட்ட அலுவலகம் புது வரைபடம் போட ஆரம்பித்தது. ஊர் எந்தப் பக்கம் வளரலாம், எந்த நிலத்தைத் தண்ணீருக்கென்று விட்டுவைக்க வேண்டும் என்று இடம் இடமாகப் பார்த்தார்கள். கோரை முளைத்த நிலத்தைச் சதுப்பு என்று குறித்துவிடுவார்கள், அதில் யாரும் செங்கல் வைக்க முடியாது என்று டீக்கடையில் பேச்சு. கொத்தனார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அண்ணன் வெளியூர் போயிருந்த ஒரு மதியம், சாக்கடை ஓரத்துக் கோரையை வண்டி நிறையப் பிடுங்கி வந்து, வீடு கட்டி விற்க அண்ணன் நிரவி வைத்திருந்த அந்த மேட்டில் நட்டார். ஒவ்வொரு தூரையும் அண்ணனின் நெஞ்சில் குத்துவதுபோலக் குத்தினார்.

பார்வையிட வந்த திட்ட அலுவலர், ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மா. மேட்டைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"கோரை கூட நூல் புடிச்சு வளருமா?"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற கொத்தனார் அப்போதுதான் கவனித்தார். தொழில் புத்தி, ஒரு வரிசைகூடப் பிசகவில்லை.

அந்த அம்மா அதோடு போய்விடவில்லை. ஆட்களை விட்டுத் துளை போடச் சொன்னார். கொட்டி நிரப்பிய கட்டட இடிபாட்டுக்கு அடியிலிருந்து சாம்பல் நிற மண் அழுகல் வாடையோடு வந்தது.

"நிஜமாவே சதுப்புதான். யாரோ வீணா மெனக்கெட்டிருக்காங்க. கொட்டினதை அள்ளிட்டு, பழையபடி தண்ணி நிக்க விடணும். சுத்தி பதினைஞ்சு மீட்டர் புதுசா எதுவும் கட்டக் கூடாது."

கொத்தனாரின் கொல்லைப்புறமும் அந்தப் பதினைந்து மீட்டருக்குள் வந்தது. மனைவியின் தையலுக்கு மேடான ஒரு அறை கட்ட, அங்கேதான் அஸ்திவாரம் தோண்டி வைத்திருந்தார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தன்று, மண்டப வாசலில் அண்ணன் வழிமறித்தார். குரலில் தேன்.

"தம்பி, பக்கத்து வீட்டுக்காரனும் ஆட்சேபணை சொன்னா மறுபடி யோசிப்பாங்களாம். எனக்கு மனை, உனக்கு ரூமு. தண்ணி போக நானே வாய்க்கால் வெட்டித் தர்றேன்."

"ஒத்துக்கங்க. அவரே எறங்கி வந்துட்டாரு. நான் எத்தனை நாளைக்கு ஈரத்துல உக்காந்து தைக்கிறது?" என்று மனைவி முழங்கையால் இடித்தாள்.

உள்ளே அவர் முறை வந்தது.

"உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?"

"உண்டு மேடம்." அண்ணன் மூச்சை விட்டார். "பதினைஞ்சு பத்தாது. இருபதா போடுங்க."

"கிறுக்குப் பயலே, உன் அடுப்படியும் சேர்ந்து மாட்டும்டா! நாளைக்கு ஒரு சுவரு எடுக்க முடியாது!"

"மாட்டட்டும்."

மனைவி பையை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே நடந்தாள். காலடிச் சத்தம் கொத்தனாருக்குக் கேட்காமல் இல்லை. ஆனால் அண்ணனின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.