குடையும் சீப்பும்

1.10.1996

நேற்று எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. நான் போகும் மாலை வகுப்பில் கணக்குப்பதிவு சொல்லித்தருகிறார்கள். தவறான பதிவை அடிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, மறுநாள் தேதியில் திருத்தப் பதிவு போட வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். அதனால் நேற்றைய பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு இங்கே திருத்துகிறேன்.

நேற்று எழுதியது: நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்கு எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் தோற்றாலும் ஒருவர் இருப்பார். தெருவுக்கு இரட்டைப் பாதுகாப்பு.

திருத்தம்: பாதிப் பாதுகாப்புகூட இல்லை.

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் சிவகுமாரிடம் இதைப் பெருமையாகச் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. அவன் பகலில் தருமன் என்பவருடைய ரைஸ் மில்லில் சிட்டை எழுதுகிறவன். மூன்றாவது வேட்பாளர் அந்தத் தருமன்தான். சிவகுமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்க ஓனரு உங்க தெரு ஆளுங்க ரெண்டு பேருக்கும் மாலை சொல்லி வெச்சிருக்காருங்க. ஜெயிச்சா போடறதுக்கு இல்ல, நின்னதுக்கு" என்றான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கணக்குப் போட்டேன். தெருவில் ஏறக்குறைய நானூறு ஓட்டு. மில் பக்கம் முந்நூறு. நானூறு முந்நூறைவிடப் பெரியது. ஆனால் இரண்டு இருநூறுகள் முந்நூறைவிடச் சிறியவை. இதற்கு எனக்கு ஒரு நாள் தேவைப்பட்டிருக்கிறது. கணக்கு படிக்கிறேன் என்று இனி வெளியில் சொல்லிக்கொள்ளலாமா என்பதை யோசிக்க வேண்டும்.

தெருவின் இரண்டு வேட்பாளர்களில் ஒருவர் என் அப்பா லோகநாதன். சின்னம் குடை. இன்னொருவர் சுப்பராயலு மாமா. என் அக்கா சிவசங்கரியின் மாமனார். சின்னம் சீப்பு. அவர் தலையில் சீப்புக்கு வேலை நின்று பத்து வருடம் இருக்கும். அக்கா கல்யாணம் வைகாசியில்தான் நடந்தது. நாங்கள் தெருவின் கிழக்குக் கோடி, அவர்கள் மேற்குக் கோடி.

சம்பந்திகள் இரண்டு பேரும் எதிரெதிரே நிற்பது சண்டையால் இல்லை, மரியாதையால். இன்னொருவர் நிற்க மாட்டார் என்று நினைத்துத் தனித்தனியாக மனு கொடுத்திருக்கிறார்கள். நகராட்சி ஆபீஸ் வாசலில் ஒருவரையொருவர் பார்த்ததும் இருவருக்கும் கூச்சம். அப்பா, தான் வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மாமா விடவில்லை. "நீங்க வாங்கினா என் மேல ஆணை" என்றாராம். உடனே மாமா தான் வாங்குவதாகச் சொல்ல, அப்பாவும் அதே ஆணையை வைத்தார். இரண்டு பேரும் ஆணையை மதித்தார்கள். வாபஸ் தேதி போய்விட்டது.

3.10.1996

விடியற்காலையில் எங்கள் வீட்டுப் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் இழை பிரித்து முடிக்க வேண்டும். இந்தக் கோடியில் அப்பா பிடித்தார், அந்தக் கோடியில் மாமா. தேர்தலில் எதிரெதிரே நிற்பவர்கள் பாவிலும் எதிரெதிரே நின்றார்கள் என்று ராஜம்மாள் அக்கா சொல்லிச் சிரித்தார். அவர் எங்கள் எதிர்வீடு. சிரிக்கக் காரணம் தேடி அலையாதவர்.

பாதி வேலையில் தருமனின் நெல் லாரி வந்து நின்றது. டிரைவர் நல்ல மனிதர், ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி டீ குடித்தார். "இன்னும் கொஞ்ச நாளுதாங்க. எங்க ஓனரு வந்துட்டா இங்க விடிகாலைல எதுவும் கட்டக் கூடாதுன்னு போர்டு வெச்சிடுவாரு" என்று மிரட்டலே இல்லாமல், மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். தருமன் கொடுத்திருக்கும் வாக்குறுதியே அதுதான். மில் பக்கத்து ஆட்களுக்கு அது நியாயம். லாரி ஊரைச் சுற்றி வந்தால் அவர்கள் கூலி ஒரு நடை குறைகிறது. எங்களுக்குத் தெருவைத் தவிர பாவு போட இவ்வளவு நீளமான இடம் வேறு கிடையாது.

ஆகவே நானூறு ஓட்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். குடையோ சீப்போ, ஏதாவது ஒன்று.

5.10.1996

காலையில் மகிழ்ச்சி. மாலையில் இல்லை.

காலையில் கிழக்குக் கோடி வீடுகளில் மெதுவாக விசாரித்தேன். எல்லாரும் சீப்பு என்றார்கள். அப்பா ஒவ்வொரு வீடாகப் போய், தனக்குப் போடாமல் சம்பந்திக்குப் போடும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கியது. இருநூறும் இருநூறும் நானூறு என்று கையில் எழுதிப் பார்த்துக்கொண்டேன்.

மாலையில் வகுப்புக்குப் போகும் வழியில் அக்கா வீட்டில் நுழைந்தேன். அங்கே மேற்குக் கோடிக்காரர் ஒருவர் மாமாவுக்காகக் காத்திருந்தார். தன் வீட்டில் ஐந்து ஓட்டும் குடைக்குத்தான், மாமா சொன்னபடியே, என்று என்னிடம் உறுதியாகச் சொன்னார். மேற்குக் கோடி முழுவதும் அப்படித்தானாம்.

அதாவது, எங்கள் பக்கத்து இருநூறு அங்கே போகிறது, அவர்கள் பக்கத்து இருநூறு இங்கே வருகிறது. கூட்டினால் முன்பு இருந்த அதே இரண்டு இருநூறு. இடம்தான் மாறியிருக்கிறது. தருமன் எதையுமே செய்யத் தேவையில்லை.

 

6.10.1996

முதலில் என் வேலை. நேற்று இரவு அப்பாவிடம் சொன்னேன்.  சம்பந்தி இவ்வளவு நல்லவராக இருப்பது பேஜாராக இருக்கிறது என்றார். கொடுத்த வார்த்தையை மாற்றச் சொல்லி அவர் போக மாட்டார். அதனால் இன்று காலை நானே வீடு வீடாகப் போய், சீப்பு வேண்டாம், பழையபடி குடைக்கே போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ராஜம்மாள் அக்கா வீட்டில் மட்டும் நேரம் ஆயிற்று.

"ஏம்மா பரிமளா, நீங்க இன்னா முடிவுதான் பண்ணிகினு இருக்கீங்க? நான் குடையும் எடுத்துகினு, சீப்பும் எடுத்துகினு பூத்துக்குப் போறேன். அங்க இன்னா கேக்கறாங்களோ அத்தக் குடுத்துட்டு வரேன்."

மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். பகல் உணவு திருப்தியாகச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு அக்கா வந்தாள். அவள் முகத்திலும் அதே திருப்தி. நான் நேற்று போன பிறகு அந்த மேற்குக் கோடிக்காரர் சொன்னதை அவளும் கேட்டிருக்கிறாள். காலையில் வீடு வீடாகப் போய், குடை வேண்டாம், பழையபடி சீப்புக்கே போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இரண்டு பேரும் தறிப் பலகையில் உட்கார்ந்தோம்.

"நீ சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றாள்.

"நீ இருந்திருக்கலாம்ல?"

தவறு எங்கே என்று இப்போது தெரிகிறது. ஒருவர் நகர வேண்டும், ஒருவர் நகராமல் இருக்க வேண்டும். நாங்கள் எல்லாருமே நகர்கிறவர்கள். அப்பா விட்டுக்கொடுத்தால் மாமாவும் விட்டுக்கொடுப்பார், மாமா நிமிர்ந்தால் அப்பாவும் நிமிர்வார். யாராவது ஒருவர் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். எங்கள் இரண்டு வீட்டிலும் கொடுப்பதற்கு ஆள் இருக்கிறது, வாங்குவதற்கு இல்லை.

இதை நான் சொன்னபோது அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எங்க மாமியாரு இருக்காங்கடி" என்றாள்.

இன்று மாலையே அபிதகுசாம்பாள் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். பட்டுப்புடவை, கையில் தாம்பூலத் தட்டு. பின்னாலேயே மாமா, ஏன் அழைத்துவரப்பட்டோம் என்று தெரியாத முகத்தோடு. அம்மா பதறி அடுப்படியிலிருந்து வந்து பாய் விரித்தாள். அத்தை உட்காராமலே பேசினார்.

"கல்யாணத்துல நாங்க வாய் தொறந்து ஒண்ணும் கேக்கல. கேட்டோமா, கமலம்?"

அம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

"இப்பக் கேக்கறேன். புள்ள வூட்டுக்காரி கேக்கறேன். அடுத்த மாசம் தலதீபாவளி. மோதிரம் வேணாம், துணி வேணாம். உங்க கோடி ஓட்டு அத்தனையும் எங்க வூட்டுக்குச் சீரா வரணும். ஒண்ணு கொறஞ்சாலும் நான் வருத்தப்படுவேன்."

மாமா வாயைத் திறந்தார். அத்தை திரும்பிப் பார்க்காமலே, "சீர வாங்கறது மாமியாருதான். நீங்க ஜல்தியா வெளிய போய் நில்லுங்க" என்றார். மாமா போய் நின்றார்.

அப்பா முகத்தை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாளாக அவர் விட்டுக்கொடுக்கப் பார்த்தார், யாரும் விடவில்லை. இப்போது அதே பொருளைச் சீராகக் கேட்கிறார்கள். பெண் வீட்டுக்காரர் சீர் கொடுப்பதில் யாருக்கு என்ன குறை? அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "எங்க வூட்டு சீர்ல எப்பவும் கொற இருக்காதுங்க" என்றார்.

இருட்டுவதற்குள் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு கிழக்குக் கோடி முழுவதும் போய்வந்துவிட்டார். பத்திரிகை வைப்பதுபோலத்தான் வைத்தார். நானும் கூடப் போனேன். ராஜம்மாள் அக்கா வெற்றிலையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, குடையை மடித்து மூலையில் வைத்துவிடுவதாகச் சொன்னார். மேற்குக் கோடியில் அக்கா எதுவும் செய்யக் கூடாது என்று அத்தை உத்தரவு. அக்காவுக்கு அதுதான் கஷ்டமாக இருந்ததாம்.

9.10.1996

முதல் ஓட்டு. விரலில் மை.

மறைப்புக்குள் சீட்டை விரித்ததும் அப்பாவின் பெயர் முதலில் கண்ணில் பட்டது. அச்சில் அதை நான் பார்த்ததே இல்லை. முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தேவைக்கு மேல் நின்றுவிட்டேன் போலிருக்கிறது, வெளியே அலுவலர் இருமினார். சீப்பில் குத்தினேன். மடிக்கும்போது மை குடையில் ஒட்டியிருக்குமோ என்று பெட்டியில் போட்ட பிறகு சந்தேகம் வந்தது. இன்னும் போகவில்லை.

14.10.1996

எண்ணிக்கை முடிந்தது. சீப்பு 362. தருமன் 339. குடை 4.

மாமா ஜெயித்தார். தெரு பிழைத்தது. மாமா மாலையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, அதைக் கழற்றி அப்பா கழுத்தில் போடப் பார்த்தார். அத்தை இருமினார். மாலை மாமா கழுத்திலேயே இருந்தது.

தருமனும் வந்தார். கோபமில்லை. தெருவின் ஓட்டு உடையும் என்று நம்பியிருந்ததாகச் சொல்லிவிட்டு, "அடுத்த எலெக்ஷனுக்கு முன்னாடி நானும் இந்தத் தெருவுல சம்பந்தம் பண்ணிக்கறேங்க, எனக்கும் ஒரு பையன் இருக்கான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பிறகு அந்த நான்கு ஓட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. சீரில் நான்கு குறைகிறது என்று அப்பா சீரியஸாகவே விசாரித்தார். ஒன்று மாமா. தன் பெயரில் தானே குத்திக்கொள்ள முடியவில்லை, கை வரவில்லை என்று தலையைத் தடவிக்கொண்டார். இன்னொன்று ராஜம்மாள் அக்கா. வெற்றிலை வாங்கிக்கொண்டது நிஜம்தான், ஆனால் அன்று தூறல் போட்டது, குடைதான் ஞாபகம் வந்தது என்றார். அன்று தூறல் எதுவும் இல்லை. மூன்றாவது யார் என்று அம்மாவைக் கேட்டபோது, சாதம் குழைந்துவிடும் என்று எழுந்து போனாள்.

நான்காவதற்கு அப்பா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று சொன்னேன். உண்மையும் அதுதான், மை ஒட்டியிருந்தாலொழிய. அவர் நல்லது என்றார். ஆனால் அந்த 'நல்லது' கொஞ்சம் தாமதமாக வந்தது. குடையில் குத்தியிருக்கலாமோ என்று எனக்கு அப்போது தோன்றியது. சீப்புக்கு இருபத்து மூன்று ஓட்டு மிச்சம் இருந்தது. ஆனால் இதை முன்கூட்டி எல்லாரும் நினைத்திருந்தால் மிச்சமே இருந்திருக்காது. இதற்கு எந்தத் திருத்தப் பதிவும் போட வழியில்லை.

நாளை: காலை ஐந்து மணிக்கு மாமா வீட்டுப் பாவு. கஞ்சி எங்கள் முறை. தூங்கும் முன் அரிசி ஊறவைக்க வேண்டும். கிழக்குக் கோடியில் அப்பாவோடு நான் பிடிக்க வேண்டும்.