கடைசிக் கருவுக்கு ஒரு விரதம்

சுசீலாவின் வயிற்றில் வைத்தது கடைசிக் கரு. ஒட்டினால் பிள்ளை, இல்லையென்றால் அவ்வளவுதான். முட்டை தந்தவள் முகம் தெரியாத ஓர் இளம்பெண், அப்பா அவள் கணவன் சேதுமாதவன், சுமக்கப்போகிறவள் நாற்பத்தைந்து வயது சுசீலா.

சென்னை டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்.

"முட்டை சின்னப் பொண்ணோடது. அதனால உங்க வயசப் பத்திக் கவலை வேண்டாம். ஆனா கருவைத் தாங்கற ஹார்மோன் உங்க உடம்புல தானா ஊறாது, மாத்திரைதான் தாங்கணும். மூணு வேளையும் சாப்பிட்டதும் போடுங்க. ஒரு வேளைகூட விடாதீங்க."

துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் உள்ள வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கியது. பிள்ளை வரம் கேட்டு வருடா வருடம் இருக்கிற விரதம். வயிற்றில் கரு இருக்கிற வருடம் பார்த்தா முருகனுக்கு டிமிக்கி கொடுப்பது? அவளுக்கு மனசு வரவில்லை. ஆறு நாளும் ராத்திரி மட்டும் பாலும் பழமும். சாப்பாடே ஒரு வேளை என்றானபின், சாப்பிட்டதும் போடுகிற மாத்திரையும் ஒரு வேளையாயிற்று. மீதியை முருகன் பார்த்துக்கொள்வான் என்று நம்பினாள், பைத்தியக்காரி. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரைக் கேட்பாள்? பக்கத்து ஃபிளாட் பானுமதியிடம்கூடக் கல்யாணத்துக்குப் போய்வந்ததாகத்தான் சொல்லியிருந்தாள்.

சேதுமாதவன் இருட்டோடு துபாய்க்குக் காரை எடுப்பான். டிராஃபிக்கில் நொந்து வீடு திரும்பும்போது அவள் பால் டம்ளரோடு உட்கார்ந்திருப்பாள். அவள் மாத்திரை விழுங்குவதைத் தினமும் கண்ணாலேயே பார்த்தான்.

ரத்தப் பரிசோதனையில் கரு ஒட்டவில்லை என்று வந்தது. டாக்டரம்மா போனில் கேட்டார்: "மாத்திரை எதுவும் விட்டுப்போச்சா?"

விரத நாட்களில் விட்ட மாத்திரைதான் காரணமோ என்று அப்போதுதான் சுசீலாவுக்கு உறைத்தது. அவள் வாய் திறப்பதற்குள் சேதுமாதவன் முந்திக்கொண்டான்.

"விடவே இல்ல டாக்டர். நானே பக்கத்துல இருந்து பார்த்தேன்."

"அப்ப நம்ம கையில ஒண்ணும் இல்ல சார்."

போனை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். விரதக் காப்புக்கயிறு இன்னும் மணிக்கட்டில் இருந்தது.

"அழாத சுசி. உன் மேல ஒரு குத்தமும் இல்ல. வாயக் கட்டி வயித்தக் கட்டிக் கெடந்த. வேற எவ செய்வா? அடுத்த சஷ்டிக்கு நானும் உன்கூட விரதம் இருக்கேன். புள்ளைக்காக இல்ல, உனக்காக."

அவள் சொல்லிவிட வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.