அட்டையின் கடைசி வரி

“கடைசி வரி தெரியுதா?”

“தெரியாம என்ன? ச, ட, ம, ப, வ.”

“இப்போ இடது கண்ணை மூடிக்கிட்டு வலது கண்ணால படிங்க. கள்ளத்தனமா விரல் சந்துல பாக்கக் கூடாது.”

“ச, ட, ம, ப, வ. எத்தனை மார்க் டாக்டரம்மா?”

“கழுகுக் கண்ணு உங்களுக்கு. போய் வண்டியைத் துடைங்க.”

மூன்று மாதத்துக்கு முன் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது இது. அவள் உண்மையில் டாக்டர் இல்லை. கண்ணைச் சோதித்துக் கண்ணாடிக்கு எழுதிக்கொடுப்பவள். ஊர் ஊராகப் போகும் அந்தப் பரிசோதனை வண்டிக்கு அவன் டிரைவர். பகலெல்லாம் வண்டியின் பின்பாதி ஆஸ்பத்திரி. வந்தவர்கள் போனதும் பெஞ்சை விரித்துப் போட்டால் அதுவே படுக்கையறை. ஆறு வருஷமாக அவர்களுக்கு வேறு வீடு கிடையாது.

டிரைவரின் கண்ணை வருஷத்துக்கு ஒருமுறை சோதித்துச் சான்று அனுப்ப வேண்டும் என்பது கம்பெனியின் விதி. அன்று அவளுக்கு வெளியே வரிசை நின்றது, அவசரம். தினமும் காலையில் அந்த எழுத்து அட்டையை ஆணியில் மாட்டுவதும், மாலையில் கழற்றித் துடைப்பதும் அவன்தான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவன் அதைக் கடைசி வரி வரைக்கும் ஒப்பிப்பான். அன்று அவனுடைய வலது கண்ணுக்கு அட்டை வெறும் வெள்ளைச் சதுரமாகத்தான் தெரிந்தது. சும்மா விளையாட்டுக்குத்தான் ஒப்பித்தான். அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டாள். விளையாட்டு வினையாயிற்று.

கடலோர ஊர்களில் வண்டி நின்றால், வேலை முடிந்ததும் கரைமேட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் நடப்பது அவர்கள் வழக்கம். முன்பெல்லாம் அவன்தான் முன்னால் போய் முள்ளை ஒதுக்கிக் கொடுப்பான். இந்த மூன்று மாதமாக, “மகாராணி முன்னாடி, சேவகன் பின்னாடி” என்று கும்பிடு போட்டு அவளை முன்னால் அனுப்புகிறான். அவளுடைய மஞ்சள் நிறச் செருப்பு எங்கே மிதிக்கிறதோ, அங்கே மட்டும் காலை வைப்பான்.

இன்றும் அப்படித்தான் நடந்தார்கள். பாதையில் கட்டைகளைப் பதித்துப் படி கட்டியிருந்தார்கள். கீழே பாறையில் அலை மோதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. செருப்பு நுனியால் தடவிப் பார்த்துத்தான் ஏறினான்.

“மத்தியானம் வந்தாரே, அந்தத் தையல்காரர்,” என்றாள் அவள் திரும்பாமலே. “அவரை நினைச்சா இன்னும் ஆறல. ஒரு கண்ணு போயிட்டு இருக்குன்னு தெரிஞ்சும் வீட்டுல மூச்சு விடலையாம். வேலை போயிடும்னு பயம். ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். நல்லா திட்டி அனுப்பினேன்.”

“கேட்டுச்சு. தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு.”

“நீங்க மட்டும் என்ன? இன்னைக்கு ரிவர்ஸ் எடுக்கறப்போ ஸ்டூலைச் சப்பையாக்கிட்டீங்க. அதுல உட்கார்ந்திருந்த பெரியவர் அப்போதான் எழுந்து போனார்.”

“ஸ்டூல்தான் குறுக்கே வந்துச்சு.”

“ஆமா, அதுக்குக் காலு முளைச்சிருச்சு!”

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானத்திலிருந்து, அந்த ஸ்டூலில் பெரியவர் உட்கார்ந்திருப்பதாகவே மனசு திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது.

மேட்டின் உச்சியில் ஒரு மரப் பலகை இருந்தது. உட்கார்ந்தார்கள். பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்து, வழக்கம்போல அவன்தான் அவளுக்குக் காப்பி ஊற்றினான். காப்பி கோப்பைக்குள் விழாமல், அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் பலகையில் வழிந்தது.

“ஐயோ, பாத்துங்க!”

“காத்து.”

பக்கத்து மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. அவள் பலகையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையை எடுத்துத் துடைத்தாள்.

“கை நடுங்குதா? என்ன கவலை உங்களுக்கு? மலை ரூட்டை நினைச்சா?”

அவன் ஃபிளாஸ்கை மூடி வைத்தான். புது ஒப்பந்தம் வந்திருந்தது. இன்னும் ஒரு வருஷம். எல்லாம் மலை ஊர்கள், கொண்டை ஊசி வளைவுகள். இன்று மாலைக்குள் பதில் வேண்டுமாம். தன்னால் ஓட்ட முடியாது என்று தெரிந்தால் கம்பெனி வேறு டிரைவரை அனுப்பும். வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம். அவள் ஒரு ஊரில், அவன் ஒரு ஊரில் என்று ஆகிவிடும். லேட்டாக முடிந்த கல்யாணம். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பிரிந்து இருந்ததில்லை. அந்தச் சான்றில் இருப்பதோ அவளுடைய கையெழுத்து. ஏதாவது ஒரு வளைவில் ஏதாவது ஆனால், பழி அவள் தலையிலும் விழும்.

மூன்று மாதமாக, ‘கண்ணு தெரியல’ என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருந்தது. ஒவ்வொரு மாலையும் அட்டையைக் கழற்றும்போது வரும். இரண்டு பேருக்கும் விரிக்க வேண்டிய பெஞ்சைப் பார்த்ததும் போய்விடும்.

“எத்தனை வளைவு இருந்தா என்ன? என் கழுகு ஓட்டிடும்,” என்று அவன் தோளில் இடித்துவிட்டு, அவள் போனை எடுத்தாள். “சரின்னு அனுப்பிடட்டுமா?”

பெருவிரல் திரைக்கு மேல் நின்றது. தொலைவில் ஒரு படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் இடது கண்ணை மூடிப் பார்த்தான். படகும் இல்லை, கடலும் இல்லை. அழுக்குத் தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும்.

அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“அனுப்பாதே. வண்டிக்குப் போனதும் எனக்குத் தெரியாத அட்டை ஏதாவது ஒண்ணு எடுத்து மாட்டு. நீயே மாட்டு. என் வலது கண்ணைக் கொஞ்சம் பாரு.”