படகில் ஏறிய கோபம்

பொய் சொல்வதற்கும் இடம் பொருள் வேண்டாமா? லோடோ பொய் சொன்னது கடற்கரைச் சிற்றாலயத்தில், அதுவும் குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தபோது.

லெம்பாட்டா தீவின் அந்தத் திமிங்கில வேட்டை ஊரில், பருவம் தொடங்கும்போது ஒவ்வொரு படகின் ஆட்களும் ஒருவரையொருவர் பார்த்து, "மனசுல ஏதாவது இருக்கா?" என்று கேட்டுத் தீர்த்துக்கொண்ட பிறகே கடலில் இறங்குவார்கள். கோபம் ஏறிய படகுக்குத் திமிங்கிலம் அகப்படாது. அதிலும் முன்முனையில் நின்று ஈட்டியோடு பாய்கிறவன் யார்மேலும் வன்மம் வைத்திருக்கக் கூடாது. இருந்தால் அவனே ஒதுங்கிவிட வேண்டும்.

லோடோதான் அந்த ஈட்டிக்காரன். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். சுக்கான் பிடிக்கும் கனியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஒண்ணுமில்லையாம்! போன பருவத்தில் குத்துப்பட்ட திமிங்கிலம் கயிற்றோடு ஆழத்துக்குப் போனபோது, லோடோவின் தம்பி சிப்ரியின் கால் கயிற்றில் மாட்டிக்கொண்டது. கத்தி கனியின் இடுப்பில் இருந்தது. கனி கயிற்றை அறுக்கவில்லை. சிப்ரியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. இந்தக் கனி வேறு யாரோ அல்ல, லோடோவின் மனைவிக்குக் கூடப்பிறந்தவன். "உனக்காகவாவது அவனைச் சும்மா விடமாட்டேன்" என்று தம்பி மனைவி யுஸ்தினாவிடம் லோடோ சொல்லியிருந்தான்.

பருவம் பாதி போய்விட்டது. மற்ற படகுகள் இறைச்சி கொண்டுவந்தன. இவர்கள் படகு மட்டும் வெறுமனே திரும்பியது. ஈட்டி வழுக்கியது, இல்லையென்றால் திமிங்கிலம் கடைசி நேரத்தில் முழுகிப்போனது. மலைக்காரர்களிடம் இறைச்சியைக் கொடுத்து மக்காச்சோளம் வாங்க இந்தப் படகை நம்பிய வீடுகளில் ஒரு துண்டு கருவாடுகூட இல்லை.

"எவன் மனசுலயோ அழுக்கு இருக்கு" என்றார் துடுப்புப் போடும் கிழவர் மிகேல். "இன்னைக்கும் வெறும் படகோட போனா என் பொண்டாட்டி என்னையே உப்புக்கண்டம் போட்ருவா."

எல்லாரும் சிரித்தார்கள். லோடோ சிரிக்கவில்லை.

அன்று திமிங்கிலம் தானாகவே வந்தது. படகுக்கு வெகு அருகில் கரிய முதுகு எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. துடுப்புகள் நின்றன. வழக்கப்படி பாய்வதற்கு முன் ஆண்டவர் கற்றுத்தந்த ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். பிறர் பிழையைப் பொறுக்கிறோம் என்கிற வரி வந்தது. பருவம் முழுக்க லோடோ அந்த இடத்தில் வாயை மட்டும் அசைத்து ஏமாற்றியிருந்தான். இன்று வாயும் அசையவில்லை. நீரின் விளிம்பில் ஒரு சின்னக் கண் அவனைப் பார்த்தது. அத்தனை பெரிய உடம்பில் அத்தனை சின்னக் கண். அதன் முன்னால் பொய் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. அதைப் படைத்தவரிடமா இத்தனை நாள் நாடகம் ஆடினோம்?

ஈட்டியைத் தாழ்த்திவிட்டுத் திரும்பினான்.

"நான் பொய் சொன்னேன். கனி மேல எனக்குக் கொலைவெறி இருக்கு."

பின்முனையில் கனி எழுந்து நின்றான்.

"தெரியும் மச்சான். தினமும் உன் முதுகைப் பாத்துத்தானே படகு விடுறேன். கத்தியை எடுத்தேன். அறுத்தா திமிங்கிலம் போயிடுமே, ஊரு திட்டுமேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். அதுக்குள்ள அவன் போயிட்டான். தப்பு என்னோடதுதான்."

சாக்குச் சொல்லுவான், சொன்னால் ஈட்டியை அவன் பக்கம் திருப்பலாம் என்றுகூட லோடோ ஒருகாலத்தில் நினைத்ததுண்டு. சாக்கு வரவில்லை. தம்பியின் உயிரை இறைச்சியோடு எடைபோட்டவன் எதிரே நிற்கிறான். இவனை எப்படி மன்னிப்பது? 'ஆண்டவரே, என்னால ஆகாது. நீரே செய்யும்' என்று மனசுக்குள் கெஞ்சினான். சிலுவையில் ஆணி அறைந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டவரை நினைத்தான். எப்போது எப்படி என்று தெரியவில்லை, பல்லைக் கடித்துக் கடித்து வலித்த தாடை தளர்ந்தது.

"பொறுத்தேன்டா" என்றான். விட்ட வரியிலிருந்து ஜெபத்தைச் சத்தமாகச் சொல்லி முடித்தான்.

அதுவரை திமிங்கிலம் நகரவே இல்லை. ஆமென் சொன்ன பிறகுதான் பெருமூச்சு விட்டது. மீன் வாடையடிக்கும் வெதுவெதுப்பான நீர் மழையாகப் படகிலிருந்த எல்லார்மேலும் விழுந்தது. கிழவர் மிகேல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஈட்டியைத் தூக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. திமிங்கிலம் மெல்ல இறங்கி மறைந்தது.

கரையில் பெண்கள் வெறும் படகைப் பார்த்தார்கள். லோடோ நேராக யுஸ்தினாவிடம் போனான்.

"என்னை மன்னிச்சிரும்மா. உனக்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்த முடியல. கனியை மன்னிச்சிட்டேன்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஈஸ்டருக்கே மன்னிச்சிட்டேன் அத்தான். வீட்டு வாசல்ல வந்து விழுந்து அழுதான். உங்ககிட்ட சொல்லத்தான் பயம். உனக்காக உனக்காகன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நான் கேக்கவே இல்லையே."

லோடோ ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டான்.