புள்ளி வைக்காத சிப்

அக்காவின் கணவரும் அவள் தம்பியும் பேச்சை நிறுத்தி நாற்பது நாள் ஆகியிருந்தது. வாடிக்கையாளர் முன்னால் மாமா அவனைத் "தட்டிக்கொட்டி மெக்கானிக்" என்று சொல்லிவிட்டார். அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படியும் அவர்களுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடந்ததென்றால், அதற்குக் காரணம் பழைய மதர்போர்டுகள்தாம்.

அவற்றில் இரண்டு சிப். மெமரியும் திரையும் மேல் சிப்பின் பொறுப்பு, அது மாமாவுடையது. டிஸ்க், யுஎஸ்பி, சத்தம் எல்லாம் கீழ்ச் சிப், அது இவனுடையது. சூடு காட்டி, ஈயத்தை இளக்கி ஒட்டவைத்ததும் மாமா சிவப்புப் புள்ளி வைப்பார், இவன் நீலப் புள்ளி வைப்பான். புள்ளி வைத்த சிப்புக்கு மறுபடி சூடு ஆகாது, இரண்டாவது தடவை காட்டினால் செத்துப்போகும். வாயே திறக்காமல் வருடக்கணக்கில் ஓட்டலாம்.

அன்று காலை அக்கா தன் எம்பிராய்டரி மிஷினின் போர்டைக் கொண்டுவந்து மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அந்த மாடலுக்கு வேறு போர்டு கிடைக்காது. அது போனால் அவள் தொழிலும் போச்சு.

மதியம் அது இவன் பக்கம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. பார்த்தால், ஒரே சிப். இரண்டின் வேலையும் அதற்குள். யுஎஸ்பி செத்திருந்தது. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. மாமா வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், கூப்பிடு தூரம்தான். கேட்டுவிடலாமா என்று தோன்றியது. நான் எதற்கு முதலில் இறங்கிப் போக வேண்டும் என்றும் தோன்றியது. ஹீட் கன்னை எடுத்தான்.

அதன்பின் போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

சாயங்காலம் அக்கா வந்தாள். "என்னடா ஆச்சு?"

"சூடு தாங்கலக்கா. ஒரே தடவைதான் காட்டினேன்."

மாமாவின் முகம் சுண்டிப்போனது. "காலையில நானும் காட்டினேன்டா," என்றார் அவனிடம். "திரை வந்துச்சு. மீதி உன் வேலைன்னு தள்ளி வச்சேன்."

"புள்ளி வைக்கலையே மாமா!"

"முழுசா என் சிப்புன்னா வச்சிருப்பேன். பாதிக்கு எப்படி வைக்கிறது?"

அவனுக்கு அவமானத்தில் காது சுட்டது. அக்கா போர்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்ப நல்லாத்தானே பேசுறீங்க," என்றாள்.